வியர்வைக்கு ஒரு கம்பளிச் சட்டை

சிவனொளிபாதமலைக்கு இரவில் ஏறுகிறவர்களில் எங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆட்களைக் கண்டுபிடிப்பது லேசு. மலையடிவாரத்து நல்லதண்ணியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கழுத்துவரை ஸ்வெட்டர், தலையில் குல்லா, காதைச் சுற்றி மப்ளர். படி ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மப்ளர் கைக்கு வரும். அப்புறம் ஸ்வெட்டர் இடுப்புக்கு வரும். பாதி வழியில் உள்ளே போட்டிருக்கும் பருத்தி ரீசேட்டைப் பிழிந்தால் தண்ணீர் ஓடும். உச்சிக்குப் போய்ச் சூரிய உதயத்துக்காகக் காத்து நிற்கும்போதுதான் உண்மையான குளிர் பிடிக்கும். ஈரச் சட்டைக்கு மேலே ஸ்வெட்டரைத் திரும்பப் போட்டுக்கொண்டு பல் கிடுகிடுக்க நிற்பார்கள். "நல்ல மொத்த ஸ்வெட்டர்தானே போட்டிருக்கிறன், பிறகேன் இப்பிடி நடுங்குது?"

ஸ்வெட்டரில் பிழையில்லை. உள்ளே கிடக்கும் பருத்திதான் ஆளை விறைக்க வைக்கிறது. மலைக்கு என்ன உடுப்பு வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது, கம்பளியை வியர்வைக்காக வாங்குங்கள் என்பதுதான். குளிரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்படி யோசிக்கத் தொடங்கினால் கடையில் தடித்த ஸ்வெட்டர் இருக்கும் பக்கமே போகமாட்டீர்கள். தோலோடு ஒட்டிக் கிடக்கும் மெல்லிய சட்டையையும் சொக்ஸையும்தான் தேடுவீர்கள்.

குடாநாட்டுக்காரருக்கு இது சட்டென்று பிடிபடாததில் ஆச்சரியமில்லை. ஏறுவதற்கு ஒரு மேடுகூட இல்லாத சுண்ணக்கல் தரை எங்களுடையது. மார்கழி, தை மாதங்களில் விடியப்புறம் பனி பெய்யும்போது கோயிலுக்குப் போகிற பெரியவர்கள் சால்வையால் தலையை மூடிக்கொள்வார்கள். எங்களுக்குத் தெரிந்த குளிர் அவ்வளவுதான், அந்தக் குளிரில் யாரும் வியர்ப்பதில்லை. மலையில் இரண்டும் ஒன்றாக வரும். ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய ஆறரைப் பாகை வெப்பநிலை குறையும். சிவனொளிபாதமலை 2243 மீற்றர். யாழ்ப்பாணத்தில் இரவு 24 பாகை என்றால் அங்கே உச்சியில் பத்துக்குக் கிட்டப் போய்விடும், அதற்கு மேல் காற்று வேறு. ஆனால் அந்த உச்சிக்குப் போக ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளை ஏறவேண்டும். ஏறுகிற உடம்புக்குப் பத்துப் பாகை குளிரே இல்லை. நின்ற உடம்புக்கு அதுவே பெருங்குளிர். நக்கிள்ஸ் மலைத்தொடரும் ஏறக்குறைய இப்படித்தான்: கீழே புழுக்கம், நடுவில் மழை, மேலே காற்று. ஹோட்டன் சமவெளியில் மட்டும் தை, மாசி அதிகாலைகளில் புல்லில் உறைபனி படிவதுண்டு. அங்கே போகிறவர்கள் இன்னொரு அடுக்கு கூடக் கொண்டுபோகலாம்.

பருத்தி தண்ணீரைக் குடிக்கும், குடித்ததை லேசில் விடாது. நூல்களுக்கு இடையில் காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிட இருபத்தைந்து மடங்கு அளவில் சூட்டைக் கடத்தக்கூடியது. போதாததற்கு, அந்த ஈரம் காய்வதற்கான வெப்பத்தையும் உங்கள் முதுகிலிருந்துதான் எடுக்கும். பொலியஸ்டர் நேரெதிர், தன் எடையில் நூற்றில் ஒரு பங்குகூட உறிஞ்சாது. ஈரம் நூலின் மேலேயே நிற்பதால் கெதியாகக் காய்ந்துவிடும், ஆனால் காயும்வரை உடம்போடு பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

கம்பளி இழையின் வெளிப்புறத்தில் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று இருக்கிறது. அது தண்ணீர்த் துளியை ஒட்டவிடாது. உள்புறமோ நீராவியை இழுத்து வைத்துக்கொள்ளும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை உள்ளே வாங்கிய பிறகும் தொட்டுப் பார்த்தால் நனைந்ததாகத் தெரியாது. அப்படி வாங்கும்போது சிறிது சூட்டையும் வெளியே விடும். இழை இயல்பிலேயே சுருண்டு சுருண்டு இருப்பதால் ஈரமானாலும் முழுக்கப் படிந்துபோகாமல் கொஞ்சக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். வியர்த்து ஏறி, பிறகு காற்றில் அசையாமல் நிற்கிற ஒரு உடம்புக்கு இதைவிடப் பொருத்தமான துணியை நான் காணவில்லை.

விளம்பரங்களில் 'நனைந்தாலும் சூடு' என்று போடுவார்கள். அதை அப்படியே நம்பவேண்டாம். நக்கிள்ஸ் மழையில் தொப்பலாக நனைந்த கம்பளியும் குளிரத்தான் செய்யும். பருத்தியைவிடக் குறைவாகக் குளிரும், அவ்வளவுதான். மழைக்கு மழைக்கோட்டைத் தவிர வேறு மருந்தில்லை.

அப்புறம் மணம். பொலியஸ்டர் சட்டையோடு ஒரு நாள் ஏறி இறங்கினால் அதை மூடிக் கட்டித்தான் பையில் வைக்கவேண்டும். கம்பளி வியர்வை நாற்றத்தைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும், வெளியே விடுவது குறைவு. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து போட்டாலும் இரவில் காற்றாடத் தொங்கவிட்டால் காலையில் மறுபடி போடக்கூடியதாக இருக்கும். மலையிறங்கிய கையோடு கண்டிக்கு வந்து, ஏ9 வீதியால் இரவு முழுக்கப் பஸ்ஸில் யாழ்ப்பாணம் திரும்புகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. பக்கத்து சீற்றில் இருப்பவருக்கு இன்னும் பெரிய விஷயம்.

மலையேறிகள் இதை எப்போதோ அறிந்திருந்தார்கள். 1924இல் எவரெஸ்டில் மறைந்த ஜோர்ஜ் மலோரியின் உடல் 1999இல் கண்டெடுக்கப்பட்டபோது, அவர் பட்டும் பருத்தியும் கம்பளியும் மெல்லிய அடுக்குகளாக மாற்றி மாற்றி அணிந்து, காற்றைத் தடுக்க கபடீன் துணியை மேலே போட்டிருந்தது தெரியவந்தது. 1980களில் பொலியஸ்டர் ஃப்ளீஸ் என்கிற புசுபுசுத் துணி பரவியதும் கம்பளி மலையை விட்டு இறங்கியது. 1990களின் நடுவில் அமெரிக்காவில் ஸ்மார்ட்வூல், நியூசிலாந்தில் ஐஸ்பிரேக்கர் என்று சில கொம்பனிகள் மெரினோ என்ற செம்மறி இனத்தின் மெல்லிய கம்பளியில் சொக்ஸும் உள்சட்டையும் செய்யத் தொடங்க, திரும்பவும் ஏறிவிட்டது.

இந்த இடத்தில் பலரும் மறித்து ஒன்று சொல்வார்கள்: "எனக்குக் கம்பளி ஒத்துவராது, கடிக்கும்." முருங்கை மரத்து மயிர்க்கொட்டி பட்டது போல உடம்பெல்லாம் சொறிய வைத்த ஏதோ ஒரு பழைய ஸ்வெட்டர் எல்லோருடைய சின்ன வயதிலும் இருந்திருக்கும். பெரும்பாலும் அது ஒவ்வாமை இல்லை, இழையின் தடிப்புத்தான் காரணம். தடித்த இழையின் நுனி வளையாமல் தோலில் குத்தும். மெல்லிய இழை வளைந்துகொடுக்கும். இழையின் தடிப்பை மைக்ரோனில், அதாவது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், அளப்பார்கள். முப்பது மைக்ரோனை நெருங்கும் இழைகள் குத்தத் தொடங்கும். மலைக்கான நல்ல மெரினோ உள்சட்டைகள் 17 முதல் 19 மைக்ரோனுக்குள் இருக்கும். தலைமயிர் ஐம்பதுக்கு மேலே என்பதை நினைத்தால் அது எவ்வளவு நுண்ணியது என்று புரியும். வெறும் 'கம்பளி' என்று மட்டும் எழுதி மைக்ரோன் குறிப்பிடாத சட்டை என்றால் கழுத்தடியில் அல்லது முழங்கையின் உள்மடிப்பில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். உள்ளங்கையால் தடவிப் பார்த்து முடிவெடுக்கவேண்டாம், அந்தத் தோலுக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்து கனம். சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்பதுதான் கணக்கு. 150 என்பது மெல்லியது, 200 நடுத்தரம், 250க்கு மேல் போனால் பனிநாட்டுக்கு. இலங்கை மலைகளுக்கு 150 தாராளம். கனடாவில் இருக்கிற சொந்தக்காரர் கடையில் நின்றுகொண்டு அழைப்பெடுத்து "எது வேணும்?" என்று கேட்டால் அவர் சொல்கிற தடித்ததை வேண்டாம் என்று சொல்லப் பழகவேண்டும். அது அவருடைய ஊர்க் குளிருக்கு. 150 கிராம் மெரினோ நீளக்கைச் சட்டை ஒன்று, மேலே கழற்றிப் போடக்கூடிய ஃப்ளீஸ் ஒன்று, காற்றுக்கும் மழைக்கும் மெல்லிய ஜக்கெற் ஒன்று. இந்த மூன்றும் போதும். ஏறும்போது ஃப்ளீஸ் பைக்குள் இருக்கட்டும், உச்சியில் நின்ற உடனே, வியர்வை ஆறுவதற்கு முன்னமே எடுத்துப் போடுங்கள்.

நூற்றுக்கு நூறு மெரினோதான் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. மெல்லிய சுத்தக் கம்பளி, பையின் பட்டி உரசுகிற தோள்களில் சீக்கிரம் தேய்ந்து ஓட்டை விழும். பத்துப் பதினைந்து வீதம் நைலோன் கலந்தது கூட நாள் நிற்கும், குணமும் அவ்வளவு மாறாது. ஆனால் கலப்பு என்ற பெயரில் பத்து வீதம் கம்பளியும் மிச்சம் அக்ரிலிக் என்ற செயற்கை நூலுமாக விற்கிறார்களே, அது வேறு. லேபிளில் வீதத்தைப் பார்க்காமல் காசு கொடுக்கக்கூடாது.

காசைப் பற்றிப் பேசாமல் இருக்கமுடியாது. நல்ல மெரினோச் சட்டை வெளிநாட்டில் எண்பது, நூறு டொலர். எங்கள் ரூபாயில் நினைத்தால் தலை சுற்றும். அதனால்தான் சட்டைக்கு முன்னம் சொக்ஸ் என்கிறேன். ஒரு சோடி சொக்ஸ் அதில் கால்வாசி விலைதான், ஆனால் வித்தியாசம் முதல் நாளே தெரியும். கால் கொப்பளிப்பதற்கு மூன்று கூட்டாளிகள் வேண்டும்: ஈரம், சூடு, உரசல். பருத்திச் சொக்ஸ் வியர்வையில் ஊறிச் சுருண்டு மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் இது தெரியும். ஒவ்வொரு படிக்கும் விரல்கள் சப்பாத்தின் முனையில் போய் இடிக்கும். மெரினோச் சொக்ஸில் அறுபது, எழுபது வீதம் கம்பளியும் மிச்சம் நைலோனும் கொஞ்சம் இழுபடும் நூலும் இருந்தால் சரி. குதிக்காலும் விரல்பக்கமும் தடிப்பாகவும் மேற்புறம் மெல்லியதாகவும் பின்னியதைப் பாருங்கள். சொக்ஸோடு சேர்த்துப் போட்டுப் பார்க்காமல் சப்பாத்து வாங்கவேண்டாம். இறுகிய சப்பாத்துக்குள் தடித்த சொக்ஸைத் திணித்தால் இரத்தவோட்டம் குறைந்து கால் குளிரும், கம்பளி ஒன்றும் செய்யாது.

இரத்தம் குடிக்கிற அட்டைக்கு இந்தச் சொக்ஸ் உதவாது என்பதையும் சொல்லவேண்டும். பின்னல் துணியின் கண்களுக்குள்ளால் சின்ன அட்டை நுழைந்துவிடும். மழைக்காலத்தில் சிங்கராஜக் காட்டுக்கோ நக்கிள்ஸுக்கோ போகிறவர்கள், நெருக்கமாக நெய்த துணியில் முழங்கால்வரை தைத்த அட்டைக் காலுறையை அதற்கு மேலே போடவேண்டும்.

சரி, எங்கே எடுப்பது? எங்கள் ஊரில் செம்மறி உண்டு, கம்பளி இல்லை. வயல்வெளியில் மேயும் யாழ்ப்பாணச் செம்மறிக்குக் குட்டையான முரட்டு மயிர்தான். அதை இறைச்சிக்கும் எருவுக்கும் வளர்ப்பார்களே தவிர யாரும் மயிர் கத்தரித்து நூல் நூற்பதில்லை. மெரினோ என்பது ஸ்பெயினில் பேர்பெற்று, பிறகு அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பெருகிய இனம். அவுஸ்திரேலியாவில் ஈ முட்டையிட்டுப் புழு வைப்பதைத் தடுக்க ஆட்டின் பின்பகுதித் தோலை வெட்டி எடுக்கும் வழக்கம் ஒன்று உண்டு. நியூசிலாந்து 2018இல் அதைத் தடைசெய்துவிட்டது. இது மனதை உறுத்துகிறவர்கள் அந்த வழக்கம் இல்லாத பண்ணைக் கம்பளி என்று குறிப்பிட்டிருப்பதைத் தேடி வாங்கலாம்.

யாழ்ப்பாணம் நவீன சந்தையில் மெரினோ தேடி அலைவது வீண். பலாலியிலிருந்து சென்னைக்குப் போய்வருகிறவர்கள் தெரிந்திருந்தால் டெகாத்லான் விளையாட்டுப் பொருள் கடையில் ஃபோர்க்ளாஸ் வரிசை மெரினோவைப் பார்க்கச் சொல்லலாம், மற்றவற்றைவிட விலை குறைவு. நுவரெலியா நகரத்து பேல் கடைகளில் குவியலாகக் கிடக்கும் குளிருடுப்புகளில் எப்போதாவது நல்லது அகப்படும்; பொறுமையும் லேபிள் வாசிக்கிற கண்ணும் வேண்டும். மிச்சப் பேருக்கு எங்களுடைய வழமையான வழிதான்: வெளிநாட்டுப் பெட்டி.

பெட்டியில் வருவதெல்லாம் கம்பளி என்று நம்பிவிடக் கூடாது. ரொறன்ரோவில் இருக்கும் மாமி ஒருமுறை அனுப்பிய ஸ்வெட்டர் தொடும்போதே புசுபுசுவென்று இருந்தது. "தம்பி, அது அசல் கம்பளி, கவனமாய் வைச்சிரு" என்று தொலைபேசியில் மூன்று தரம் சொன்னார். லேபிள் எப்போதோ வெட்டப்பட்டிருந்தது. உள்தையலிலிருந்து ஒரு சின்ன நூலை இழுத்தெடுத்து, சாமணத்தால் பிடித்து, குசினியில் நெருப்புக்குச்சி தட்டி நுனியில் காட்டினேன். நூல் பற்றியது, உடனே உருகிக் கறுப்பாகச் சொட்டியது. ஆறிய பிறகு நுனியில் மிளகு போலக் கெட்டியான ஒரு மணி. விரலால் நசுக்கினால் உடையவில்லை. அக்ரிலிக். ஒப்பிட்டுப் பார்க்க என் பழைய மெரினோச் சொக்ஸில் ஒரு நூலை எடுத்துக் காட்டினேன். அது நெருப்பை விட்டு விலகிச் சுருண்டது, மயிர் கருகிய நாற்றம் அடித்தது, குச்சியை எடுத்ததும் தானாக அணைந்தது. மிஞ்சிய கரியை விரலுக்கிடையில் வைத்துத் தேய்க்கப் பொடியாகிப் போனது. அம்மா வந்து என்ன எரியுது என்று கேட்கும்வரை ஓரளவு விஞ்ஞானியாகவே உணர்ந்தேன். மாமியிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. இரவில் விடுதியில் போட்டுக்கொண்டு தேநீர் குடிக்க அந்த ஸ்வெட்டர் அருமை. அதைப் போட்டுக்கொண்டு விறகு நெருப்புக்குக் கிட்டப் போகாமல் இருந்தால் சரி.

பெட்டி நோர்வேயிலிருந்து வந்தால் சந்தோஷப்படலாம். அங்கே பிள்ளைகளைப் பாலர் பாடசாலைக்கு அனுப்பும்போதே கம்பளி உள்ளாடை போட்டு அனுப்புகிற ஊர் அது. அங்கேயுள்ள எங்கள் சொந்தக்காரர்களும் பழகிவிட்டார்கள். பிள்ளை வளர்ந்து போடமுடியாமல் போனவை எங்கள் வீட்டுச் சின்னவர்களுக்கு அளவாக வரும்.

எல்லா நடைக்கும் கம்பளி என்று நான் சொல்லமாட்டேன். செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வைகாசி, ஆனி வெயிலில் கிழக்குக் கரையோரமாக நடக்கிறார்கள். மட்டக்களப்புப் பக்கம் கச்சான் காற்று வீசுகிற காலம். அங்கே உடம்பு குளிரவேண்டும்; மலையுச்சியில் ஆளை நடுங்க வைக்கிற அதே ஈரப் பருத்தி அங்கே வரப்பிரசாதம். பருத்தி வேட்டியும் ஈரத் துவாயும்தான் அந்த வழிக்குச் சரி.

வாங்கிய பிறகு அதைக் கெடுப்பது பெரும்பாலும் கிணற்றடியில்தான். கம்பளி இழையின் மேலே நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் அடியும் ஒன்றாகச் சேர்ந்தால் அவை ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும். பெரிய ஆளின் சட்டை சின்னப் பிள்ளைக்கு அளவாகிவிடும். சில சட்டைகளில் செதிலை மழுக்கிப் பூச்சுப் பூசி இயந்திரத்தில் தோய்க்கக்கூடியதாகச் செய்திருப்பார்கள். அதுகூடக் கல்லில் அடித்துத் தோய்ப்பதற்கு ஏற்றதில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது. அதில் சவர்க்காரக் கட்டி போட்டால் நுரைக்குப் பதில் வெள்ளைக் கசடுதான் வரும், அது இழைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். தலைக்கு வைக்கும் ஷாம்பூ கொஞ்சம் போதும். மாரியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர் இருந்தால் இன்னும் நல்லது. கறை நீக்க நொதியம் சேர்த்த சலவைத் தூள் வேண்டவே வேண்டாம்: கம்பளி ஒரு புரதம், புரதக் கறையைத் தின்னும் நொதியம் சட்டையையும் தின்னும். வெளிற்றும் திரவமும் அப்படித்தான். முறுக்கிப் பிழியாமல் துவாயில் சுருட்டி அமத்தி, நிழலில் பாய் விரித்துப் பரப்பிக் காயவிடுங்கள். கொடியில் போட்டால் தன் பாரத்திலேயே நீண்டுவிடும்.

வருடத்தில் சில நாள் மட்டும் போடுகிற உடுப்பு என்பதால் மிச்ச நாளெல்லாம் அது அலுமாரிக்குள் இருக்கும். ஆபத்து அங்கேதான். மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். அந்துப்பூச்சியின் புழு கம்பளியையே சாப்பாடாக வைத்திருக்கிறது. வியர்வையும் கறையும் படிந்த இடத்தைத்தான் அது முதலில் தேடும். அதனால் எடுத்து வைக்குமுன் கட்டாயம் தோய்த்து, முறுகக் காயவிட்டு, காற்றுப் புகாத பையில் போட்டு வையுங்கள். காய்ந்த வேப்பிலையை நான் ஒரு பழக்கத்துக்காகப் போடுகிறேன், ஆனால் உண்மையில் வேலை செய்வது இறுக மூடிய பைதான். புழு ஏற்கெனவே இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் பையோடு சேர்த்துக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஒரு கிழமை வைக்கலாம். மீனுக்குப் பக்கத்தில் சட்டையை வைக்க வீட்டில் அனுமதி கிடைக்கவேண்டும், அது உங்கள் சாமர்த்தியம்.

எவ்வளவு பார்த்தாலும் ஓட்டை விழத்தான் செய்யும். என் சட்டையின் தோளில் பைப்பட்டி தேய்த்த இடத்தை அம்மா கையால் தைத்துத் தந்தார். சட்டை சாம்பல் நிறம், நூல் பச்சை. நிறம் ஒத்துவரவில்லையே என்றேன். "உள்ளுக்குப் போடுறதுதானே, மலையிலை ஆர் பாக்கப்போகினம்" என்று ஊசியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டார்.